செல்லாக்காசு

"இன்றைக்கு ஸ்லக்கிங்" என்றாள் வுபித்,
இரவு பத்தரைக்கு, குளியலறையிலிருந்து.
இந்த நேரத்தில் எந்தக் கார் வரும் என்றேன்.
கதவைத் திறந்தாள்.
முகமெல்லாம் வாஸ்லின்.
குழல்விளக்கு அவள் நெற்றியில் வழுக்கிக்கொண்டிருந்தது.

விமான நிலையத்தில்
நாளெல்லாம் பிறருடைய கிரீம் டப்பாக்களைப்
பறிமுதல் செய்பவள் அவள்.

எனக்குத் தெரிந்த ஸ்லக்கிங் வேறு.
விடியாத ஐந்தே முக்காலுக்கு
ஹார்னர் ரோடு வாகன நிறுத்தத்தில்
வாயில் புகைவர வரிசையில் நிற்பது.
முன்பின் தெரியாத ஒருவர்
கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி
"பெண்டகன், இரண்டு பேர்" என்பார்.
முதல் இரண்டு பேர் ஏறுவோம்.
மூன்று தலை இருந்தால்
விரைவுத்தடம் காசு கேட்காது.
அவருக்குத் தலை வேண்டும், எனக்குச் சக்கரம்.
அவ்வளவுதான் உறவு.

பணம் கொடுக்கக் கூடாது.
அவர் பேசினாலொழியப் பேசக் கூடாது.
வரிசையில் ஒரு பெண்ணைத் தனியே விட்டு
கடைசி வண்டி நகரக் கூடாது.
யார் போட்ட சட்டம்? யாரும் போடவில்லை.
ஒருமுறை ஒருவன் பின்னிருக்கையில் பர்கர் தின்றான்.
ஆறு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெயர் வந்த கதையும் வரிசையில் கேட்டதுதான்:
பேருந்து உண்டியலில் போடும் பொய்நாணயம், ஸ்லக்.
எங்களைத் தன் பயணிகள் என்று நம்பி
வண்டியை நிறுத்தி ஏமாந்த ஓட்டுநர்
சன்னல்வழி துப்பிய சொல்.
செல்லாக்காசுகளே!
உண்மையோ புளுகோ.

வுபித்துக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை.
அவளுடைய ஸ்லக் தோட்டத்தில் ஊர்வது,
ஓடில்லாத நத்தை.
"ஓடு இல்லாதவள் மினுக்கித்தான் ஆகவேண்டும்" என்றவள்
கேட்காமலே என் கன்னத்தில் இரண்டு விரல் அப்பினாள்.
அடித்தள ஆவண அறையின் சூட்டுக்காற்றில்
ஜனவரி முழுக்க வெடித்திருந்த கன்னம்.
எரிந்தது, பிறகு எரியவில்லை.

மறுநாள் நேரம் தப்பியது.
முகம் கழுவாமல் ஓடினேன்.
பனி வருமென்று சாலையெங்கும் உப்புக் கொட்டியிருந்தார்கள்.
நத்தைமேல் உப்புப் பட்டால் என்ன ஆகும், தெரியும்.
நாங்கள் அறுபத்தைந்து மைல் வேகத்தில் போனோம்.

சாம்பல்நிற பியூக். கம்பளித் தொப்பிக்காரர்.
முன்னிருக்கையில் நான் தூங்கிப்போனேன்.
இறங்கும்போதுதான் பார்த்தேன்,
கண்ணாடியில் என் கன்னம்,
உதட்டு ஓரத்தில் பாதி,
நான்கைந்து இமைமயிர்க் கோடுகள்.
சட்டைக்கையால் துடைக்கப் போனேன்.
பின்னால் ஹாரன்.
நன்றி என்றேன். ம் என்றார்.

மார்ச் நடுவில் மறுபடி அதே பியூக்.
வண்டியை நான் அடையாளம் காணவில்லை,
ஆக்கக்வான் பாலத்தில் வெயில் பக்கவாட்டில் வந்து
கண்ணாடியில் அந்த முகத்தை ஏற்றும்வரை.
வெளியே கழுவியிருந்தார். உள்ளே தொடவில்லை.

பாலம் தாண்டி அவர் பேசினார்,
சாலையைவிட்டுக் கண் எடுக்காமல்:
"யார் கன்னம் என்று கேட்டாள் என் மனைவி.
பெயர் தெரியாது என்றேன்.
நம்பவில்லை."

பின்னிருக்கையில் செய்தித்தாள் சலசலப்பது நின்றது.

அவரே பேசிவிட்டார், இனி நான் பேசலாம்.
பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
"வேண்டாம்" என்றார்.
"அவளிடம் சொன்னது உண்மை.
அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்."

பெண்டகனில் இறங்கினேன். காசு கைமாறவில்லை.
மாலையில் திரும்பும் வரிசை நீளம்.
யாரோ ஒருவர் காரில் நான் வீடு போனேன்.
என் கன்னம் அவர் காரில்
அவர் வீட்டுக்குப் போயிருக்கும்.